ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா, சென்னைக்கே போய்விடலாமா? புதுவை, கடலூர்ப் பயணிகளுக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு வெளிநாட்டுப் பயணத்துக்கு விலை கேட்டால் டிராவல்ஸ்காரர் பெரும்பாலும் மூன்று கணக்குச் சொல்வார். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஏறி, பெங்களூருவிலோ ஐதராபாத்திலோ மாறும் ஒரே டிக்கெட் முதலாவது. அதே வழியில் இரண்டு கம்பெனிகளுக்கு இரண்டு டிக்கெட் போடுவது அடுத்தது, அது கொஞ்சம் மலிவாகவும் தெரியும். மூன்றாவது, மீனம்பாக்கம் வரை காரில் போய் அங்கிருந்து பறப்பது. மூன்று தொகையையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

தொகையைப் பார்ப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் போய்விட்டால், அடுத்த இருக்கையைத் தேடித் தர வேண்டியவர் யார்? இதற்குப் பதில் தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயன் இல்லை.

## ஏர் இந்தியா கைமாறியபோது அறுந்தது என்ன

சிறு நகரங்களுக்குப் பறக்கும் துணை நிறுவனத்தைத் தாய் நிறுவனம் கழற்றிவிட்டால் பயணிக்கு என்ன ஆகும் என்பதை 2022-ல் நம் கண்ணெதிரே பார்த்தோம். ஏர் இந்தியாவை டாடா குழுமம் 18,000 கோடி ரூபாய்க்கு எடுப்பதாக 2021 அக்டோபர் 8-ல் அறிவிப்பு வந்தது. 2022 ஜனவரி 27-ல் நிறுவனம் கைமாறியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அதோடு சேர்ந்து போனது. ஏடிஆர் என்ற சிறிய விமானங்களை வைத்துச் சிற்றூர்களுக்குப் பறந்துகொண்டிருந்த அலையன்ஸ் ஏர் போகவில்லை. ஏர் இந்தியா அசெட்ஸ் ஹோல்டிங் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் தங்கிவிட்டது.

அதுவரை அலையன்ஸ் ஏர் விமானங்களும் ஏர் இந்தியாவின் எண்ணிலேயே விற்கப்பட்டன. 2022 ஏப்ரல் 15 முதல் அந்தப் பதிவுகளை ஏர் இந்தியா கையாள்வது நின்றது. அலையன்ஸ் ஏர் ‘9ஐ’ என்ற தன் சொந்தக் குறியீட்டில், தன் சொந்தத் தளத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. விமானமும் ஓடுதளமும் அப்படியேதான் இருந்தன. மாறியது டிக்கெட்டின் தலைப்பு மட்டும்தான், ஆனால் பயணியின் பாதுகாப்பு அந்தத் தலைப்பில்தான் இருந்தது. டெல்லியிலிருந்து சென்னைக்கு ஏர் இந்தியாவில் வந்து, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அலையன்ஸ் ஏரில் போக நினைப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தபோது டிக்கெட் ஒன்று, பொறுப்பும் ஒருவரிடம். பிரிந்த பிறகு, இரு கம்பெனிகளும் தங்களுக்குள் தனியாக ஒப்பந்தம் போட்டு ஒரே டிக்கெட்டாக விற்றால்தான் அந்தப் பொறுப்பு திரும்ப வரும்.

விற்றாலே இப்படித்தான் ஆகும் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 2005-ல் தன் துணை நிறுவனமான அட்லாண்டிக் சவுத்ஈஸ்ட்டை ஸ்கைவெஸ்ட்டுக்கு விற்றது. விற்ற பிறகும் டெல்டாவுக்காகப் பறக்கும் ஒப்பந்தம் தொடர்ந்ததால், டிக்கெட் வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2007-ல் தன் பிஏ கனெக்ட்டை ஃப்ளைபிக்குக் கொடுத்தபோது கதை வேறு; விமானங்கள் வாங்கியவரின் பெயரிலேயே பறந்தன. அந்த ஃப்ளைபி 2020 மார்ச்சில் நொடித்து நின்றுபோனது. ஆக, விற்பனைச் செய்தி வரும்போது பயணி கவனிக்க வேண்டியது யாருக்கு விற்றார்கள் என்பதைவிட, இனி டிக்கெட் யார் பெயரில் வரும் என்பதைத்தான்.

மெதுவாகத் தெரியவரும் இன்னொரு விளைவும் உண்டு. 70 இருக்கை ஏடிஆரில் 45 பேர் ஏறுகிறார்கள், அதில் 20 பேர் பெரிய ஊரில் இறங்கி வேறு விமானம் மாறுகிறவர்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தாய் நிறுவனத்தின் கணக்கில் அந்த 20 பேரின் நீண்ட பயணக் கட்டணமும் சேர்கிறது. சிறு விமானத்தில் கொஞ்சம் கையைக் கடித்தாலும் பெரிய விமானத்தில் ஈடாகிவிடும். பிரிந்துபோன கம்பெனிக்கோ ஒரு மணி நேரப் பறப்புக்கான காசு மட்டும்தான். மாறுகிறவர்களும் குறைந்துவிட்டால் 25 பேரை வைத்து வண்டி ஓட்ட வேண்டும். அந்த வழித்தடம் எத்தனை நாள் தாங்கும்?

புதுச்சேரிக்கு இந்த அலைச்சல் பழக்கமானது. 2013-ல் ஸ்பைஸ்ஜெட் வந்தது, போனது. 2015-ல் ஏர் இந்தியாவின் பிள்ளையாக இருந்த அலையன்ஸ் ஏரே பெங்களூருக்குப் பறந்து பார்த்து, அதே ஆண்டில் நிறுத்திக்கொண்டது. தாய்வீட்டுத் துணை இருந்தாலே வழித்தடம் நிலைத்துவிடும் என்பதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. 2017-ல், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி வந்த ஸ்பைஸ்ஜெட் 2024 மார்ச் வரை ஓடியது. பிறகு சுமார் ஒன்பது மாதம் வானம் காலி. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ 78 இருக்கை ஏடிஆர் கொண்டு பெங்களூரு, ஐதராபாத் இரண்டையும் இணைக்கிறது. இண்டிகோவுக்கு ஏடிஆர் ஓட்டத் தனித் துணை நிறுவனம் கிடையாது. சிறியதும் பெரியதும் ஒரே கம்பெனி, ஒரே குறியீடு. இந்த ஒப்பீட்டில் முதல் வழிக்குக் கிடைக்கும் பெரிய பலம் அதுதான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, மேலே சொன்ன பொறுப்பு. இரண்டாவது, லக்கேஜ்: எத்தனை கிலோ விடுவார்கள், எங்கே போட்டு எங்கே எடுக்க வேண்டும். மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்ட மொத்தச் செலவு. நான்காவது, விமானம் ரத்தானால் அதே நாளில் வேறு வழி இருக்கிறதா என்பது. பயண நேரம் கடைசியில்தான் வரும். மூன்று வழியிலும் அது எதிர்பார்க்கும் அளவுக்கு வேறுபடுவதில்லை.

## வழி 1: லாஸ்பேட்டையிலிருந்து ஒரே டிக்கெட்

ஒரே பிஎன்ஆர் (பதிவு எண்), ஒரே டிக்கெட். புதுச்சேரியில் பையைப் போட்டால் போய்ச் சேரும் ஊர் வரை டேக் ஒட்டுவார்கள். இங்கே பன்னாட்டுக் குடியுரிமைச் சோதனை கிடையாது என்பதால் பாஸ்போர்ட் முத்திரை பெங்களூருவிலோ ஐதராபாத்திலோதான்.

நடுவில் விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் இருக்கை தருவது கம்பெனியின் வேலை. முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்து, அதனால் அதே டிக்கெட்டில் உள்ள இணைப்பு விமானம் தவறினால் மாற்று விமானமோ பணமோ தர வேண்டும், அதோடு இழப்பீடும் உண்டு என்கிறது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. பறக்கும் நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி என்றால் 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. புயல், மழை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றால் இழப்பீடு இல்லை. ‘அதே டிக்கெட்டில்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டிக்கெட் வைத்திருப்பவருக்கு இணைப்பு பற்றிய அந்த வரி பொருந்தாது.

லக்கேஜிலும் லாபம். இண்டிகோ உள்நாட்டுப் பயணிக்கு 15 கிலோதான் அனுமதிக்கிறது. வெளிநாட்டு டிக்கெட்டின் ஒரு பகுதியாகப் பறப்பவருக்கு, அந்த வெளிநாட்டு ஊருக்கு உரிய கூடுதல் எடையே லாஸ்பேட்டையிலிருந்து செல்லும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆருக்கு மேல் பெரிய விமானம் இறங்காது. விமானங்கள் குறைவு என்பதால் ஒன்று ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். இரவு வெகுநேரம் கழித்துக் கிளம்பும் பன்னாட்டு விமானம் என்றால் பெங்களூருவில் பாதி நாள் உட்கார வேண்டிவரலாம். திரும்பி வரும்போது டேக் புதுச்சேரி வரை இருந்தாலும், பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பையை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நேரே அடுத்த விமானத்துக்கு நடந்துவிட்டால் பை அங்கேயே நின்றுவிடும்.

பிரான்சுக்குப் போகிற புதுவைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இண்டிகோவுக்கும் ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் நிறுவனத்துக்கும் கோட்ஷேர் ஒப்பந்தம், அதாவது ஒருவரின் விமானத்தை மற்றவர் தன் எண்ணில் விற்கும் ஏற்பாடு, இருக்கிறது. உங்கள் தேதியில் புதுச்சேரியும் அதில் சேருமா என்பதை அறிய, ஏர் பிரான்ஸ் தளத்தில் புறப்படும் ஊராக ‘பிஎன்ஒய்’ என்ற விமான நிலையக் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். பாரிஸ் வரை ஒரே விலை வந்தால் ஒரே டிக்கெட். வரவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் அது இரண்டு டிக்கெட்தான்.

தனியாகப் போகும் வயதானவர்கள், சக்கர நாற்காலி கேட்பவர்கள், முதல்முறை பறப்பவர்கள் எல்லாருக்கும் இந்த வழிதான் நல்லது. ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலானாலும் இதையே எடுக்கச் சொல்வோம்.

## வழி 2: இரண்டு கம்பெனி, இரண்டு டிக்கெட்

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

டிராவல்ஸ் கடையில் இரண்டு டிக்கெட்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். சில இணையத் தளங்களும் இரண்டையும் ஒட்டி ஒரே விலையாகக் காட்டும். பார்க்க ஒரே பயணம் போல இருக்கும். தாளில் பிஎன்ஆர் இரண்டு இருந்தால் முதல் சந்தேகம் வர வேண்டும். கோட்ஷேரிலும் சில நேரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிஎன்ஆர் வரும் என்பதால், 13 இலக்க இ-டிக்கெட் எண்ணையும் பாருங்கள். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட கம்பெனியைச் சொல்லும். ஏர் இந்தியா என்றால் 098. இரண்டு பகுதிக்கும் ஒரே எண் என்றால் ஒரே டிக்கெட். எண்கள் வேறு, பதிவும் வேறு என்றால் இரண்டு.

இரண்டு டிக்கெட் என்றால் பெங்களூருவில் நடப்பது இது: இறங்கி, பை வரும் வரை காத்திருந்து எடுத்து, வெளியே வந்து, மறுபடி வாசல் சோதனை, செக்-இன் வரிசை, குடியுரிமை, பாதுகாப்புச் சோதனை. இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்தைப் பயன்படுத்துகின்றன. பன்னாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்தில். பையோடு பேருந்து ஏறி மாற வேண்டும். ஐதராபாத்தில் உள்நாடும் பன்னாடும் ஒரே கட்டடம். இரண்டு டிக்கெட் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஐதராபாத் வழியாக எடுப்பது கால் வலியையும் மன உளைச்சலையும் குறைக்கும்.

பன்னாட்டு செக்-இன் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், சில கம்பெனிகளில் அதற்கும் முன்பு. பை எடுக்க முக்கால் மணி, முனையம் மாற அரை மணி, வரிசை ஒன்றரை மணி, முதல் விமானத்தின் சாதாரணத் தாமதம் ஒன்றிரண்டு மணி என்று கூட்டினால் ஆறு மணி நேர இடைவெளிக்குக் கீழே எடுக்கக்கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை முந்தைய நாளே போய்த் தங்கிவிடுவதே பாதுகாப்பு.

தவறினால் என்ன? இரண்டாவது கம்பெனி உங்களை ‘நோ-ஷோ’ (வராதவர்) என்று எழுதும். முதல் விமானம் தாமதம் என்று சான்று காட்டினாலும் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. இன்னும் மோசமானது, திரும்பும் டிக்கெட்டும் அதே பதிவில் இருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் அதையும் ரத்து செய்துவிடும். போகும் பயணத்துக்கு மட்டும் புது டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தவர், திரும்பும் நாளில் விமான நிலையத்தில் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்வார். விமானம் தவறப்போகிறது என்று தெரிந்த உடனே, அது கிளம்புவதற்கு முன்பே, இரண்டாவது கம்பெனியை அழைத்துத் திரும்பும் பகுதியைக் காப்பாற்றச் சொல்லிக் கேளுங்கள். கிளம்பிய பிறகு கேட்டுப் பலன் குறைவு.

எடைக் கணக்கு அடுத்தது. வெளிநாட்டு விமானத்தில் 30 கிலோ, இங்கிருந்து 15 கிலோ. மிச்சம் 15 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம். கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஒரு ஆளுக்கு 7,500, நாலு பேருக்கு 30,000 ரூபாய். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது எல்லாம் லாஸ்பேட்டை கவுன்டரிலேயே போய்விடும். முன்பதிவில் எடை வாங்கினால் குறையும், ஆனாலும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும், தனித்தனி டிக்கெட்டில் தவறிய இணைப்பைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. அந்தப் பிரிவை வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? கைப்பை மட்டும் எடுத்துப் போகிறவருக்கு; பெங்களூருவில் தங்க அக்கா வீடோ பிள்ளை வீடோ இருப்பவருக்கு; அங்கே ஒரு நாள் வேலையையும் முடித்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு. மற்றவர்களுக்கு வேண்டாம்.

காலை விமானம் ரத்தாகி, பன்னாட்டு விமானம் அன்று நள்ளிரவில் என்றால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விமான நிலையம் தேவனஹள்ளிப் பக்கம், ஊருக்கு வடக்கே. எட்டு மணி நேரமாவது கையில் வேண்டும். மாலையில் ரத்தானால் இந்தக் கதவும் மூடிவிடும்.

## வழி 3: சென்னைக்குச் சாலையில் போய், அங்கிருந்து

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கடலூரிலிருந்து இன்னும் 20, 25 கிலோமீட்டர் கூட. டிராப் டாக்ஸி கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று கொண்டால் 2,100, ஓட்டுநர் பேட்டா 400, டோல்கேட் தனி. மொத்தம் மூவாயிரம் அளவில் நிற்கும். நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750 ரூபாய், காரில் பைகளுக்கு எடை வரம்பும் இல்லை. ஒரே ஆள் என்றால் இது கனமான செலவு. அவருக்கு ரயில் இருக்கிறது: திருப்பாதிரிப்புலியூரிலோ விழுப்புரத்திலோ ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். பேருந்தில் போனால் ஜிஎஸ்டி சாலை வழி வண்டிகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கும் ஊருக்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு போன்றவற்றுக்கு, இணைப்பு என்ற பேச்சே இல்லை. ஒரே விமானம், ஒரே பொறுப்பு. நள்ளிரவுக்குக் கிளம்பும் விமானத்துக்கு மாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும்.

ஆனால் சாலையும் ஓர் இணைப்புதான். அதைத் தவறவிட்டால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம் அருகே தேசிய நெடுஞ்சாலையை மறித்தது, விக்கிரவாண்டிப் பக்கம் ரயிலும் நின்றது. வானிலை எச்சரிக்கை இருந்தால் முந்தைய நாளே தாம்பரம் தாண்டிவிடுங்கள். சாதாரண நாளிலும் ஞாயிறு மாலையில் செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் சேர்த்து வைப்பது நல்லது.

விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மக்கள் சென்னையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவர்களுக்குத் திருச்சி பக்கம், ரயிலும் உண்டு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அங்கிருந்தே நேரடி விமானங்கள் இருக்கின்றன. அதில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், முன்பு சொன்னதுபோல, விற்பனையில் தாய் நிறுவனத்தோடு கூடவே போன பிள்ளை.

நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான சேவை அங்கே தொடங்கி நிலைபெறும் வரை அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஒரே டிக்கெட், லாஸ்பேட்டை | இரண்டு டிக்கெட் | சென்னை வழி |
|---|---|---|---|
| விமானம் தவறினால் | கம்பெனி பொறுப்பு | உங்கள் பொறுப்பு | சாலைத் தாமதம் உங்களுடையது |
| பை | கடைசி ஊர் வரை | நடுவில் எடுத்துப் போட வேண்டும் | ஒரே முறை |
| எடை | வெளிநாட்டு அளவு | முதல் பகுதிக்கு 15 கிலோ | வெளிநாட்டு அளவு |
| மறைந்த செலவு | காத்திருப்பு, சாப்பாடு | கூடுதல் எடை, தங்கும் அறை, புது டிக்கெட் | கார், டோல், திரும்பும் கார் |
| ரத்தானால் | பெரும்பாலும் மறுநாள் | மறுநாள், சொந்தக் காசில் | பெரும்பாலும் வேறு விமானங்கள் உண்டு |

## பணம் கட்டுவதற்கு முன்

டிராவல்ஸ்காரரிடம் ‘கனெக்‌ஷன் இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘என் பையைப் புதுச்சேரியில் போட்டால் எந்த ஊரில் எடுப்பேன்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே ஒன்றா இரண்டா என்பது தெரிந்துவிடும். விமானத்தை இயக்குபவர் யார் என்ற வரியையும் பாருங்கள். விற்கிற பெயரும் பறக்கிற பெயரும் வேறாக இருக்கலாம்.

ஒரு கம்பெனி கைமாறுகிறது, இணைகிறது, பிரிகிறது என்று செய்தி வந்தால், பயணத் தேதி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். விமான எண் மாறியிருக்கிறதா, நேரம் மாறியிருக்கிறதா, பதிவை இனி எந்தத் தளம் காட்டுகிறது என்று சரிபாருங்கள். நேரம் மாறி இணைப்பு கைக்கெட்டாமல் போயிருந்தால், ஒரே டிக்கெட்காரர் கட்டணமில்லாமல் மாற்றிக் கேட்கலாம். இரண்டு டிக்கெட்காரர் மாறிய டிக்கெட்டுக்கு மட்டும்தான் பணம் திரும்பக் கேட்க முடியும். மாறாத மற்ற டிக்கெட்டின் ரத்துக் கட்டணம் அவர் கையிலிருந்துதான் போகும். அதனால் இரண்டு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டியவர்கள், நீண்ட பயணத்தின் டிக்கெட்டையாவது தேதி மாற்ற வசதியுள்ள வகையில் வாங்கி வையுங்கள். பதிவில் டிராவல்ஸ் கடையின் எண்ணோடு உங்கள் கைபேசி எண்ணையும் போடச் சொல்லுங்கள். நேரம் மாறிய குறுஞ்செய்தி கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டால், லாஸ்பேட்டை வாசலில் வந்து நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.